பாராகுவாட் உள்ளே போனால் நுரையீரல் பாதிப்பை எந்தப் பரிசோதனை முதலில் சொல்லும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர், குளிர்பானப் பாட்டிலில் யாரோ ஊற்றி வைத்திருந்த களைக்கொல்லியைத் தெரியாமல் வாயில் ஊற்றிவிட்டார். சுதாரித்துத் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. பாட்டிலில் இருந்தது பாராகுவாட். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இன்று மூன்றாம் நாள். எக்ஸ்ரே நார்மல், விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் 98. "மாமா நன்றாகத்தான் பேசுகிறார். ஆனாலும் டாக்டர் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். கேஎல்-6, எஸ்பி-டி என்று நுரையீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள் இருப்பதாகப் படித்தேன். அதை ஏன் எடுக்கவில்லை? பணம் பிரச்சினை இல்லை" என்று மருமகன் கேட்கிறார். அவர் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறார்.

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்கும் பரிசோதனைகள் உண்மையானவை, நல்லவை. ஆனால் அவை நுரையீரல் அடிபட்ட பிறகு பேசுபவை. உங்கள் மாமாவின் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு பாராகுவாட் இருந்தது என்பதுதான். அதைச் சொல்வது நுரையீரல் இல்லை, சிறுநீரும் சிறுநீரகமும். நான் இந்த மாவட்டத்தில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். மாமாவைப் பார்க்கும் டாக்டரின் இடத்தில் நின்று பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் ஏன் வாயைத் திறக்க மறுக்கிறார் என்பதை ஆய்வகப் பக்கமிருந்து விளக்க முடியும்.

பாராகுவாட் களைக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது 1962-இல். அதைக் குடித்து இறந்தவர்களைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1966-இல் வந்தது. பச்சை எதில் பட்டாலும் கரிக்கும். மண்ணில் விழுந்தால் களிமண் துகளோடு இறுக ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அதனால்தான் தோட்டக்காரர்களுக்கு இதன் மேல் இத்தனை நம்பிக்கை. நம் ஊரில் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, துலாமாத மழை என்ற வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை ரப்பர் மூட்டைச் சுற்றியும் வாழைத் தோட்டத்திலும் களை இடுப்பளவு வளர்ந்துவிடும். ஆள் கூலி கொடுத்து வெட்டி மாளாது. ஒரு கேன் மருந்து, ஒரு முதுகு ஸ்பிரேயர், இரண்டு நாளில் புல் கரிந்துவிடும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2011-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ரப்பருக்கும் பரிந்துரைக்கப்பட்ட மருந்தாக அது கடைக்கு வருகிறது.

சரி, உடம்புக்குள் போனால் என்ன நடக்கிறது? இந்த மூலக்கூறு செல்லுக்குள் ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். வாங்கிய உடனே அதை ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிடும். ஆக்ஸிஜன், சுற்றியிருப்பதைத் தாக்கும் சூப்பராக்ஸைடாக மாறும். பாராகுவாட் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த எலக்ட்ரானுக்குக் கை நீட்டும். இதில் பாராகுவாட் கொஞ்சமும் செலவாவதில்லை. எலக்ட்ரான் வழங்கும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறின் இருப்புதான் செல்லில் கரைகிறது. கொழுப்புச் சவ்வுகள் ஆக்ஸிஜனேற்றத்தில் சிதைகின்றன. ஆக்ஸிஜன் எங்கே அதிகமோ அங்கே சேதம் அதிகம். இந்த வேதியியலை நீங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்.

நுரையீரலை மட்டும் ஏன் இத்தனை குறிவைக்கிறது என்பதற்குக் காரணம் இன்னொன்று. காற்று நுண்ணறைகளின் சுவரில் முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டு எபிதீலியல் செல்கள் உண்டு. புட்ரசின், ஸ்பெர்மிடின் போன்ற பாலியமைன்களை உள்ளே இழுக்க அவற்றுக்கு ஒரு வாசல் இருக்கிறது. பாராகுவாட்டின் வடிவம் அந்தப் பாலியமைன்களை ஒத்திருக்கிறது. செல் தன் சொந்த ஆற்றலைச் செலவழித்தே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போதே நுரையீரலில் ஏறிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் இருப்பதைப்போல 6 முதல் 10 மடங்கு வரை அங்கே சேரும். ரத்தத்தில் உச்ச அளவு வருவது குடித்த 2 முதல் 4 மணி நேரத்துக்குள். அதை அடுத்த சில மணி நேரத்தில் நுரையீரல் தன் பங்கை வாங்கி முடித்துவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால், ரத்தத்தில் கலந்ததில் பெரும் பகுதி ஒரே நாளில் மாற்றம் எதுவும் இல்லாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆக, வெளியேறுவதற்கும் நுரையீரல் இழுத்துக்கொள்வதற்கும் நடுவே நடக்கும் போட்டி முதல் நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன் விளைவு வெளியே தெரிவதற்குத்தான் வாரக்கணக்கு ஆகிறது.

இதனால்தான் எக்ஸ்ரே நார்மல், ஆக்ஸிஜன் 98 என்பதை வைத்து டாக்டர் எதுவும் சொல்ல மறுக்கிறார். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் 98 பார்த்தால் மனசு ஆறும். பாராகுவாட் விஷயத்தில் மூன்றாம் நாள் 98-ஐ நம்பி வீட்டுக்குக் கூட்டிப் போக முடியாது. முதல் ஓரிரு நாளில் வாயிலும் நாக்கிலும் தொண்டையிலும் புண் வரும், வெள்ளையாகத் தோல் உரியும். அடுத்து சிறுநீரகமும் கல்லீரலும் அடிபடும். நடுத்தர அளவு உள்ளே போனவர்களுக்கு நுண்ணறைகளின் வீக்கம் முதல் சில நாட்களில் ஆரம்பித்து, பின்னர் வாரக்கணக்கில் நார்த்திசு படிந்து நுரையீரல் இறுகும். சிறுநீரகம் திரும்ப நல்ல நிலைக்கு வந்து, வாய்ப்புண் ஆறி, சாப்பிட ஆரம்பித்த பிறகு மூச்சு வாங்கியவர்கள் உண்டு. வீட்டுக்காரர்களுக்கு இதைவிடக் கொடுமையான ஏமாற்றம் இல்லை. அதற்காகவே இதை முன்கூட்டிச் சொல்கிறேன்.

சிறுநீரில் ஏதோ பொடியைப் போட்டதாகவும் இலேசாக நீலம் வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதுதான் டைதயோனைட் பரிசோதனை. என்னைக் கேட்டால் இந்த முழு விவகாரத்திலும் மிக மதிப்புள்ள பரிசோதனை அதுதான். செலவும் அதற்குத்தான் மிகக் குறைவு. 10 மில்லி சிறுநீரில் சோடியம் பைகார்பனேட் கொஞ்சம் போட்டுக் காரத்தன்மையாக்கி, சோடியம் டைதயோனைட் வெள்ளைப் பொடியைப் போட்டுக் குலுக்க வேண்டும். கந்தக வாடை மூக்கில் ஏறும். பாராகுவாட் இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் நீலம் எழும். குறைவாக இருந்தால் வெளுத்த நீலம். நிறைய இருந்தால் கிட்டத்தட்ட கறுப்பு மை நிறம். டைகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியாக இருந்தால் பச்சை சாயல் வரும். செல்லுக்குள் நடக்கும் அதே எலக்ட்ரான் வாங்கலை நாம் சோதனைக் குழாயில் நடத்திப் பார்க்கிறோம். அந்த நீலம்தான் எலக்ட்ரானை வாங்கிய பாராகுவாட், அதாவது அதன் ரேடிக்கல்.

ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1 மி.கி. இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். விஷம் உள்ளே போய் ஆறு மணி நேரம் கழித்து எடுத்த சிறுநீரிலும் நிறம் வரவில்லை என்றால் பெரிய அளவில் கலக்கவில்லை என்று ஓரளவு தைரியம் கொள்ளலாம். அதற்கு முன்பே எடுத்து நிறம் வரவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும். அதே பரிசோதனையை ரத்த சீரத்தில் செய்து அங்கேயும் நீலம் வந்தால் நிலைமை மோசம் என்று பொருள். அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். இந்தப் பொடி ஈரப்பதம் பட்டால் கெட்டுப்போகும். நம் ஊர்க் காற்றில் ஒரு தடவை மூடி சரியாக அடைக்காமல் விட்டால் போதும், அடுத்த தடவை நிறமே வராது. "நெகட்டிவ்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் பாராகுவாட் கலந்த ஒரு மாதிரியை அருகில் வைத்துச் செய்து, அதில் நீலம் வருகிறதா என்று பார்த்த பிறகே நோயாளியின் முடிவை நம்ப வேண்டும். தாலுகா மருத்துவமனை முதல் எல்லா இடத்திலும் இந்தப் பொடி புதிதாக இருக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் வேண்டுகோள்.

அடுத்தது ரத்தத்தில் எத்தனை மி.கி. என்று எண்ணாகவே அளப்பது. பிழைப்பவரையும் இறப்பவரையும் பிரித்துக் காட்ட 1979-இல் ப்ரௌட்ஃபுட் குழுவினர் வெளியிட்ட கோடு இன்றும் பயன்படுகிறது. குடித்த 4 மணி நேரத்தில் லிட்டருக்கு 2.0 மி.கி., 6 மணியில் 0.6, 10 மணியில் 0.3, 16 மணியில் 0.16, 24 மணியில் 0.1. இந்த அளவுகளுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். 1988-இல் ஜப்பானின் சவாடா குழு இன்னும் எளிதாக்கியது. விஷம் உள்ளே போனதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரையான மணி நேரத்தை அப்போதைய ரத்த அளவால் பெருக்க வேண்டும். பெருக்கல் 10-க்குக் கீழே இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். 10 முதல் 50 வரை என்றால் நாள் கழித்து நுரையீரல் செயலிழப்பு. 50-க்கு மேல் என்றால் ரத்த ஓட்டமே நிலைகுலைந்து சீக்கிரம் முடிந்துவிடும். இந்த நடு வரிசையைக் கவனியுங்கள். நுரையீரல் நார்த்திசுவாகும் ஆபத்து யாருக்கு என்பதை, நுரையீரலைத் தொடாமலே, முதல் நாளிலேயே சொல்கிற எண் அது.

சிக்கல் என்னவென்றால் இந்த அளவீட்டுக்கு ஹெச்பிஎல்சி போன்ற கருவி வேண்டும். மாவட்ட அளவில் இரவு பத்து மணிக்குக் கேட்டால் யாரும் செய்து தர முடியாது. மேற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்கு ஓடுவார்கள், கிழக்கே இருப்பவர்கள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வருவார்கள். எங்கே போனாலும் முதல் ராத்திரியில் கையில் இருப்பது சிறுநீரின் நிறமும், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினினின் ரத்த அளவும்தான்.

கிரியேட்டினினை ஏன் இத்தனை தடவை எடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு தனி அளவில் பெரிய சேதி இல்லை. ஏறும் வேகத்தில்தான் சேதி இருக்கிறது. சிறுநீரகம்தான் இந்த விஷத்தின் வெளியேறும் வழி. அது எவ்வளவு விஷத்தைச் சந்தித்தது என்பதை அதன் தள்ளாட்டம் காட்டும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்துப் பார்த்து, மணிக்கு 0.049 மி.கி./டெசிலிட்டருக்கு மேல் ஏறியவர்களுக்கு மரண ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். அதற்கு முன்பு வந்த இன்னொரு கணக்கு மணிக்கு 3 மைக்ரோமோல் என்கிறது. நம் அலகில் கிட்டத்தட்ட 0.034. நீங்கள் அனுப்பிய தாளில் சேர்ந்தபோது 0.9, ஆறு மணி நேரம் கழித்து 1.0, மறுநாள் 1.2. முதல் ஆறு மணி நேரக் கணக்கு மணிக்கு 0.017 வருகிறது. இரண்டு வரம்புகளுக்கும் கீழே. சிறுநீரில் இளநீலமே வந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், கெட்ட சகுனங்கள் குறைவு என்று நான் படிக்கிறேன். ஆபத்து தாண்டிவிட்டது என்று படிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை அத்தையிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆய்வகக்காரனாக ஒரு எச்சரிக்கை. கிரியேட்டினினை ஜாஃபே என்ற நிறவினை முறையில் அளக்கும்போது ரத்தத்தில் நிறைய பாராகுவாட் இருந்தால், அதுவே வினையில் குறுக்கிட்டு எண்ணை ஏற்றிக் காட்டும். என்சைம் முறையில் இந்தத் தொந்தரவு இல்லை. எந்த முறை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தடவையும் ஒரே ஆய்வகம், ஒரே முறை என்பது அதைவிட முக்கியம்.

இனி நீங்கள் கேட்ட நுரையீரல் குறியீடுகளுக்கு வருகிறேன்.

கேஎல்-6 என்பது எம்யூசி1 என்ற பெரிய சர்க்கரைப் புரதத்தின் ஒரு பகுதி. இரண்டாம் வகை செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. அந்தச் செல்கள் அடிபட்டு, மறுபடி பெருகி ஓட்டையை அடைக்கப் பார்க்கும்போது இது அதிகமாகி ரத்தத்தில் கசிகிறது. ஜப்பானில் 1980-களில் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று அங்கே நுரையீரல் இடைத்திசு நோய்களுக்கு அன்றாடப் பரிசோதனையாக இருக்கிறது. 500 யூனிட்/மில்லிக்கு மேல் என்றால் சந்தேகப்படுவார்கள். மூலக்கூறு மிகப் பெரியது, சுவர் உடையாமல் எளிதில் வெளியே வராது. ஏறினால் அர்த்தம் இருக்கிறது, ஆனால் தாமதமாகத்தான் ஏறும். பாராகுவாட்டில் இதன் உண்மையான பயன், உயிர் தப்பியவருக்கு நார்த்திசு படிகிறதா, நிற்கிறதா என்று வாரக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முதல் நாள் கேஎல்-6 நார்மலாக வருவதால் எவருக்கும் எந்தத் தைரியமும் கிடைக்காது. சில வகைப் புற்றுநோய்களிலும் இது ஏறும். அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எஸ்பி-டி, எஸ்பி-ஏ இரண்டும் சர்ஃபாக்டன்ட் புரதங்கள். நுண்ணறை சுருங்கிப் போகாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டோடு இரண்டாம் வகை செல்கள் இவற்றையும் சுரக்கின்றன. நுண்ணறைக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவே இருக்கும் மெல்லிய தடுப்பு ஓட்டையானால் இவை ரத்தத்துக்கு வந்துவிடும். கேஎல்-6-ஐ விடக் கொஞ்சம் முன்னதாகப் பேசக்கூடியவை. ஆனால் புகை பிடிப்பவருக்கு எஸ்பி-டி ஏற்கெனவே சற்று ஏறியே இருக்கும். மாமா பீடி குடிப்பவரா என்று தெரியாமல் ஒரே ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

என்னை அதிகம் ஈர்ப்பது சிசி16. மூச்சுக்குழாயின் நுனிக் கிளைகளில் இருக்கும் கிளப் செல்கள் சுரக்கும் 16 கிலோடால்டன் புரதம். சின்னது, அதனால் தடுப்பு கொஞ்சம் விரிசல் விட்டாலே சட்டென்று ரத்தத்துக்கு வந்துவிடும். கடுமையான நுரையீரல் காயத்துக்கு அருமையான குறியீடு என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் சின்னதாக இருப்பதாலேயே அதைச் சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியேற்றுகிறது. பாராகுவாட்டில் நுரையீரலுக்கு முன்பே சிறுநீரகம் சரிகிறது. சிறுநீரகம் மந்தமானால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாமலே சிசி16 ரத்தத்தில் தேங்கும். மூன்றாம் நாள் சிசி16 ஏறியிருக்கிறது என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தால், பக்கத்தில் கிரியேட்டினின் இல்லாமல் நான் அதைப் படிக்கவே மாட்டேன். புகைப்பவர்களுக்கு இது எதிர்த் திசையில் போகும், வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். முதல் வகை செல்களிலிருந்து வரும் கரையும் ஆர்ஏஜிஈ என்ற புரதமும் ஆராய்ச்சியில் இருக்கிறது. வார்டில் அதற்கு இன்னும் இடம் வரவில்லை.

கொழுப்புச் சிதைவைக் காட்டும் மேலோண்டையால்டிஹைடு, அழற்சியைக் காட்டும் ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா, நார்த்திசு படியத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா போன்றவை எலி ஆய்வுகளில் அழகான படங்கள் தரும். மனிதனில் அவை எந்த உறுப்பிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. பாராகுவாட் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே எரிக்கிறது, கொழுப்புச் சிதைவு எல்லா இடத்திலும் நடக்கிறது. வார்டில் இவற்றைவிட, திசுக்கள் திணறும்போது ஏறும் லாக்டேட்டைத் தமனி ரத்தத்தில் அளப்பது பயன் தரும். சேரும்போதே அது எகிறியிருந்தால் விஷத்தின் கடுமை தெரிந்துவிடும்.

ஆகவே கேஎல்-6 எடுக்காதது டாக்டரின் அலட்சியம் அல்ல. அந்த மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள், அதைவிடத் தெளிவான விடை கட்டிலருகே கிடைத்துவிடும். இப்போது மாமாவுக்குக் கேட்க வேண்டியவை வேறு. தமனி ரத்த வாயுப் பரிசோதனையில் ஆக்ஸிஜன் அழுத்தம் நாளுக்கு நாள் இறங்குகிறதா? விரல் கருவி 98-லேயே நிற்கும்போது இதில் இறக்கம் தெரிய ஆரம்பிக்கலாம். அடுத்தது ஹெச்ஆர்சிடி என்ற நுண்ணிய சிடி ஸ்கேன். எக்ஸ்ரேயில் தெரியாத மங்கல் அதில் தெரியும். மூடுபனி போல வெளுத்த பகுதி எத்தனை விகிதம் என்பது முக்கியம். கொஞ்ச இடத்தில் இருந்து பரவாமல் நின்றால் நம்பிக்கை. முதல் வாரத்தில் ஒன்று, அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் இன்னொன்று என்று எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் கதை புரியும்.

ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். வீட்டு ஆட்கள் அடிக்கடி கேட்பது இது: "மூச்சு திணறுது, ஏன் ஆக்ஸிஜன் கொடுக்க மாட்டேங்கிறாங்க?" மேலே சொன்ன வேதியியலை நினைத்துப் பாருங்கள். பாராகுவாட் எலக்ட்ரானைக் கொடுப்பது ஆக்ஸிஜனிடம்தான். தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகச் சிதையும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிஜமாகவே குறைந்த பிறகுதான், அதுவும் தேவையான அளவுதான் கொடுப்பார்கள்.

சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். முறிவு மருந்து கிடையாது. சேர்ந்தவுடன் கரித்தூளோ ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண்ணோ கொடுத்துக் குடலில் இருப்பதைப் பிடிப்பார்கள். மண்ணில் ஒட்டிக்கொள்ளும் அதே குணம்தான் இங்கே உதவுகிறது. ரத்தத்தை வடிகட்டும் ஹீமோபர்ஃப்யூஷன் முதல் சில மணி நேரத்துக்குள் நடந்தால் பயன் தர வாய்ப்பு உண்டு, நேரம் போகப் போக அர்த்தம் குறையும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்ஃபமைடும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பதில் ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. இலங்கையில் ஏறக்குறைய 300 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில் அது மரணத்தைக் குறைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டே சில டாக்டர்கள் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை. இரண்டு முடிவையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

தோட்டத்தில் மற்றவர்கள் பயந்துபோய், "நாங்களும் பத்து வருஷமா அடிக்கோம், எங்க நுரையீரலும் போச்சா" என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். தெளிக்கும் துளிகள் பெரியவை, மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், நுண்ணறை வரை இறங்குவது அரிது. மூக்கில் ரத்தம் வரும், தொண்டை எரியும், நகம் வெளுத்து உரியும். உண்மையான ஆபத்து தோல் வழியாக. முதுகு ஸ்பிரேயரின் வாஷர் தேய்ந்து, மருந்து முதுகில் வழிந்து சாரத்தை, அதாவது லுங்கியை நனைத்து, அந்த ஈரச் சாரத்தோடேயே மத்தியானம் வரை தெளிப்பவரை எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். தொடை இடுக்கிலும் விதைப்பையிலும் தோல் மெல்லியது. புண்ணான தோலில் மணிக்கணக்கில் ஈரம் நின்றால் அந்த வழியாகவே உயிருக்கு ஆபத்தான அளவு உள்ளே போயிருக்கிறது. நனைந்த உடனே துணியை மாற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். வாஷரை மாற்றாமல் அடுத்த நாள் அந்த ஸ்பிரேயரை எடுக்கக்கூடாது. இப்படி நனைந்தவருக்குச் சந்தேகம் இருந்தால் அவருக்கும் அதே சிறுநீர் பரிசோதனைதான் முதலில்.

குளிர்பானப் பாட்டிலில் மருந்து ஊற்றி வைத்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கே தூக்கம் போயிருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் நம் ஊரில் இன்றோடு நிற்க வேண்டும். மருந்து அதன் சொந்தக் கேனில், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். பூட்டு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். கடுமையான பாராகுவாட் கேஸ்களில் பெரும்பாலானவை தவறுதலாகக் குடித்தவை அல்ல. ஒரு சண்டைக்குப் பிறகு, ஒரு கடன் நெருக்கடியில், கைக்கு எட்டிய இடத்தில் கேன் இருந்ததால் நடந்தவை. அடுத்த நாள் பிழைக்க ஆசைப்பட்டு அழுகிறவர்களை வார்டில் பார்ப்பது தாங்கமுடியாத வேதனை. தென்கொரியா 2012-இல் விற்பனையை நிறுத்திய பிறகு, பூச்சிமருந்து குடித்து இறப்பவர்கள் எண்ணிக்கை அங்கே பெரிய அளவில் குறைந்தது. மனசு கனத்துப்போன யாராவது இதைப் படித்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். யாராவது எந்தக் களைக்கொல்லியையும் விழுங்கிவிட்டால் உடனே 108. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உணவுக்குழாய் இரண்டாம் தடவை வெந்துபோகும். கேனைக் கையோடு கொண்டுபோங்கள். கிளைஃபோசேட்டா, பாராகுவாட்டா, 2,4-டியா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

கடைசியாக, இதை முதுகலை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுங்கள், இந்த மாவட்டத்தில் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் கேஎல்-6-ஐ மட்டும் ஒரு தடவை அளந்து "பாதிக்கப்பட்டவர், பாதிக்கப்படாதவர்" என்று இரண்டு கட்டமாகப் பிரித்து முடித்துவிடாதீர்கள். விஷம் உள்ளே போன நேரத்தைப் பூஜ்யமாக வைத்து, ஒரே ஆளிடம் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம் என்று தொடர்ச்சியாக எடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே குழாயிலிருந்து கிரியேட்டினினும் பாருங்கள், இல்லையென்றால் சிசி16 உங்களை ஏமாற்றும். புகைப்பழக்கத்தை எழுதி வையுங்கள். ஒப்பீட்டுக்கு நாகர்கோவில் டவுன்காரர்களை எடுக்காமல், அதே தோட்டங்களில் மருந்தடிக்கும், விஷம் உள்ளே போகாத ஆட்களை எடுங்கள். சீரத்தைப் பிரித்த உடனே சின்னச் சின்னக் குழாய்களாக்கி மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், உருக்கி உருக்கி உறைய வைக்காதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வாங்காமல் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது. மாமாவின் மாதிரியை இதில் சேர்க்காதீர்கள், அவருக்கு நீங்கள் மருமகனாக மட்டும் இருந்தால் போதும். அவர் வீட்டுக்கு வந்த பிறகு, நுரையீரலின் வாயு கடத்தும் திறனை அளக்கும் டிஎல்சிஓ பரிசோதனையும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும் எந்தத் தேதியில் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.